கேஷியரின் பாதிச் சாவி

போன வாரம் கேஷியர் வீட்டுப் பிரிண்டர், யாரும் தொடாமலேயே கரகரவென்று விழித்துக்கொண்டு ஒரு தாளைத் துப்பியது. அந்தத் தாளில் முன்பின் தெரியாத யாரோ ஒருவரின் கீழ்த்தாடை எக்ஸ்ரே படம், கடைவாயில் ஒரு சொத்தைப் பல்லோடு, ஈயென்று இளித்துக்கொண்டிருந்தது. கேஷியரம்மா அதைப் பார்த்து அலறிய அலறலில் அடுப்பில் பால் பொங்கி வழிந்ததோடு கதையை நிறுத்தியிருந்தோம்.

பாலைத் துடைத்தாயிற்று. பல்லைத்தான் துடைக்க முடியவில்லை. "ஆதாரம்" என்று சொல்லி, கேஷியர் அந்தப் படத்தைப் பிரிட்ஜ் கதவில் காந்தம் வைத்து ஒட்டிவிட்டார். ஒரு வாரமாக அந்த வீட்டில் தண்ணீர் எடுக்கப் போகிறவர்களை எல்லாம் அது பார்த்துச் சிரிக்கிறது.

கேஷியர் என்றால் இப்போது கேஷியர் இல்லை. வங்கியில் தலைமைக் காசாளராக இருந்து ஓய்வு பெற்றவர். உத்தியோகம் ஓய்ந்தது, பட்டம் ஓயவில்லை. வழியனுப்பு விழாவில் மேனேஜர் சொன்ன ஒரு வாக்கியத்தை நெஞ்சில் பதக்கம் மாதிரி குத்திக்கொண்டுதான் நடமாடுகிறார்: "இவர் ஒரு நாளும் சாவியைத் தொலைத்ததில்லை."

அப்பேர்ப்பட்டவர் வீட்டுக்குள் திருட்டுத்தனமாக ஒரு தாடை நுழைந்தால் சும்மா இருப்பாரா?

இன்று காலை மருமகள் லேப்டாப்பைக் கூடத்து மேஜையில் வைத்து, வைஃபை பெட்டியின் அமைப்புப் பக்கத்தைத் திறந்தாள். மருமகள் கட்டட வரைபடம் போடுகிறவள். கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்தபோது பழைய வேலையை விட்டவள், புது வேலை இன்னும் அமையவில்லை. அவள் கணவன் கப்பலில் வேலை பார்ப்பவன். இந்த அத்தியாயம் முழுக்க அவன் கடலில்தான் இருக்கிறான், அவனைத் தேட வேண்டாம்.

கேஷியர் பக்கத்தில் நாற்காலி போட்டுத் தணிக்கைக்கு வந்த அதிகாரி மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்தார். எதிரே சம்பந்தியம்மா டீ குடித்துக்கொண்டிருந்தார். மருமகளைப் பெற்றவர், இரண்டு தெரு தள்ளி டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவர். ரோட்டில் அவர் ஒரு சத்தம் போட்டால் லாரிக்காரனே ஓரம் கட்டுவான். கேஷியருக்கும் அவருக்கும் எலியும் பூனையும் இல்லை, இரண்டு பூனைகள்.

"இதைப் பாருங்க மாமா," என்றாள் மருமகள். "பெட்டிக்கு அடியில ஸ்டிக்கர்ல அச்சடிச்சு வந்த பாஸ்வேர்டையே இத்தனை நாளா வச்சிருக்கோம். கம்பெனிக்காரன் எல்லாப் பெட்டிக்கும் ஒரே பேரு, ஒரே பாஸ்வேர்ட் போட்டு அனுப்பியிருக்கான்."

"ஊருக்கெல்லாம் ஒரே சாவியா!" கேஷியர் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டார். "இவனை எல்லாம் யாரு வேலைக்கு வச்சது?"

"அடுத்தது பாதுகாப்பு வகை. 'திறந்தது'ன்னா கதவே இல்லாத வீடு. இப்ப நம்ம பெட்டியில இருக்கற வகை ரொம்பப் பழசு, பேருக்கு ஒரு தாழ்ப்பாள். இதுக்கு மேல டபிள்யூ.பி.ஏ. ரெண்டு, மூணுன்னு இருக்கு. மூணுதான் இருக்கறதுலயே கெட்டி."

"அப்ப மூணைப் போடு."

"போட்டா நம்ம டி.வி.க்குப் புரியாது மாமா. அது பழசு. ரெண்டும் மூணும் கலந்த மாதிரி ஒண்ணு இருக்கு, அதைப் போடலாம்."

"பழைய நோட்டும் செல்லும், புது நோட்டும் செல்லும். சரி, மேல போ."

"பட்டனை அமுக்கினா பாஸ்வேர்டே இல்லாம சேர்ந்துக்கற வசதியை அணைச்சிடறேன்."

"யாரு வேணா அமுக்கலாமா? அடப்பாவி!" என்றார் பெட்டியைப் பார்த்து. பெட்டி பச்சை விளக்கைக் கண் சிமிட்டியது. "அப்படியே நம்ம வைஃபை பேரு வெளியில தெரியாம மறைச்சிடேன்."

"வீட்டு வாசல்ல பேர்ப்பலகையைக் கழட்டிட்டா திருடனுக்கு வீடு தெரியாமப் போயிடுமா மாமா? நமக்குத்தான் தொல்லை. முக்கியம் பாஸ்வேர்டுதான். நல்லா நீளமா இருக்கணும். பேரு, பிறந்த நாள் எல்லாம் கூடாது. நாலஞ்சு சாதாரண வார்த்தையைக் கோத்து வச்சா நமக்கும் மறக்காது, வெளியாளுக்கும் ஊகிக்க வராது."

இந்த இடத்தில் கேஷியர் தொண்டையைச் செருமினார். அவர் செருமினால் விதி ஒன்று பிறக்கப்போகிறது என்று அர்த்தம். கேஷியரம்மா அடுக்களையில் இருந்தபடியே பெருமூச்சு விட்டார்.

"முழுச் சாவி ஒரே ஆள் கையில இருக்கக் கூடாது," என்றார் கேஷியர். "பெட்டக அறைக்கு ரெண்டு சாவி. ஒண்ணு என்கிட்ட, ஒண்ணு மேனேஜர்கிட்ட. ரெண்டு பேரும் சேர்ந்தாத்தான் கதவு திறக்கும். அந்த மாதிரி, பாதி பாஸ்வேர்ட் எனக்கு, பாதி உனக்கு. என் பாதி உனக்குத் தெரியக் கூடாது, உன் பாதி எனக்குத் தெரியக் கூடாது. எங்கயும் எழுதி வைக்கவும் கூடாது."

"அந்தப் பெட்டிக்குள்ள அப்படி என்ன சம்பந்தி தங்கக் கட்டியா அடுக்கி வச்சிருக்கீங்க?" என்றார் சம்பந்தியம்மா.

மருமகள் அம்மாவைப் பார்த்து 'வேண்டாம்' என்று கண்ணைக் காட்டினாள். மாமா ஓய்வு பெற்றதிலிருந்து அவருக்கு இவ்வளவு உற்சாகம் வந்து அவள் பார்த்ததில்லை. "சரி மாமா," என்றுவிட்டாள். வீட்டில் நடக்கிற பாதி விபத்துக்கு இந்த 'சரி மாமா'தான் காரணம்.

இங்கிலீஷ் எழுத்தில் தமிழ் வார்த்தைகள் என்று முடிவாயிற்று. சீனியாரிட்டிப்படி முதல் பாதி கேஷியருடையது. மருமகள் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்ள, அவர் ஒரு நிமிடம் யோசித்தார். சட்டென்று முகம் மலர்ந்தது. உயிரே போனாலும் இது மறக்காது என்று தனக்குத்தானே தலையாட்டிக்கொண்டு, ஒற்றை விரலால் டொக்கு டொக்கென்று அடித்தார். திரையில் வெறும் கரும்புள்ளிகள் மட்டும் விழுந்தன. பிறகு மருமகள் முறை. கேஷியர் திரும்பிக்கொண்டது மட்டுமல்ல, மூக்குக்கண்ணாடியையும் கழற்றிக் கைக்கெட்டிய இடத்தில் வைத்துவிட்டார். நாணயம் என்று வந்தால் முழுசாக இருக்க வேண்டும் என்பது அவர் கட்சி. அமைப்புப் பக்கத்துக்கும் அதே இரட்டைப் பூட்டு போட்டாயிற்று.

"இப்ப டூப்ளிகேட்," என்றார். "டூப்ளிகேட் சாவி அன்னிக்கே வேற கிளைக்குப் போயிடணும். சம்பந்தி, உங்க போனைக் கொடுங்க. ரெண்டு பாதியும் அதுல பதிஞ்சிருக்கட்டும்."

"நான் உங்களுக்குக் கிளையா?"

"ரெண்டு தெரு தள்ளித்தானே இருக்கீங்க. தோது."

சம்பந்தியம்மா போனில் முதல் பாதியைக் கேஷியர் அடிக்க, மறுபாதியை மருமகள் அடித்தாள். போன் பெட்டியோடு சேர்ந்துகொண்டது. கேஷியர் அதை இரு கைகளாலும் திருப்பிக் கொடுத்தார். "நாங்க ரெண்டு பேரும் சேர்ந்து கேட்டாத்தான் இதை எடுக்கணும். தனியா யாரு வந்து கேட்டாலும் கூடாது. நானே வந்து கேட்டாலும் கூடாது!"

"ஆகட்டும் சம்பந்தி." எழுந்த சம்பந்தியம்மா, பிரிட்ஜ் பக்கம் ஒரு பார்வை பார்த்தார். "அந்தப் பல்லை முதல்ல கிழிச்சுப் போடுங்க. பார்க்கவே நல்லாயில்லை."

"அது ஆதாரம்!"

"என்ன ஆதாரமோ. யாரோ பாவம், பல்வலியில துடிச்சவங்க," என்று முணுமுணுத்துக்கொண்டே செருப்பை மாட்டினார். வகுப்புக்கு நேரமாகிவிட்டதாம்.

மற்ற சாமான்களை எல்லாம் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒவ்வொன்றாக ஆய்வு செய்து உள்ளே சேர்ப்பது என்று கேஷியர் அறிவித்தார். அதுவரை வீட்டில் வைஃபை யாருக்கும் கிடையாது.

*

சாப்பிட்டுக் கை கழுவியதும் கேஷியர் வழக்கமான கேள்வியைக் கேட்டார். "என் கண்ணாடியை எங்க வச்சே?"

"நான் எதுக்கு உங்க கண்ணாடியை வைக்கப் போறேன்? நீங்கதான் காலையில கழட்டினீங்க," என்றார் கேஷியரம்மா, வழக்கமான பதிலாக.

வங்கியில் இருந்த காலத்தில் சாப்பிட்டு எழுந்ததும், இடுப்பில் சாவி இருக்கிறதா என்று ஒரு தட்டு தட்டிப் பார்ப்பார் கேஷியர். அந்தப் பழக்கத்தில் இப்போது மனசுக்குள் ஒரு தட்டு தட்டினார்.

சாவி இல்லை.

சரியாகத் தட்டவில்லையோ என்று மறுபடி தட்டினார். காலையில் முகம் மலர்ந்தது ஞாபகம் இருந்தது. உயிரே போனாலும் மறக்காது என்று நினைத்தது அச்சு அசலாக ஞாபகம் இருந்தது. எது மறக்காது என்பது மட்டும் மறந்துவிட்டது. நாலைந்து வார்த்தைகள். சாதாரணமானவை. நாற்காலியா? மின்விசிறியா? ஜன்னலா? கூடத்தின் நடுவில் நின்று ஒவ்வொரு சாமானையும் விசாரித்தார். எதுவும் ஒத்துக்கொள்ளவில்லை.

நாலு தடவை போட்டுப் பார்த்தாலாவது ஒன்று ஒட்டும். ஆனால் போட்டுப் பார்க்க மருமகளின் பாதியும் வேண்டும். அவர் விதி அவரையே பிடித்துக்கொண்டது. ஆப்பசைத்த குரங்கின் கதைதான்.

"மாமா, சாப்பிட்டாச்சா? வாங்க, லேப்டாப்பை முதல்ல சேர்த்துடலாம்." மருமகள் லேப்டாப்பை நெஞ்சோடு அணைத்தபடி வந்து நின்றாள்.

"அது வந்தும்மா, ஆய்வு நாலு மணிக்கு."

"நாலா?" அவள் முகம் மாறியது. கொஞ்சம் தயங்கினாள். "மாமா, மூணு மணிக்கு எனக்கு ஒரு இன்டர்வியூ இருக்கு. கடைசிச் சுற்று. வீட்டுலேர்ந்தே கட்டட வரைபடம் போடற வேலை. அவங்க பார்த்துட்டிருக்கும்போதே படத்தைத் திறந்து திருத்திக் காட்டணும்."

"போன்ல..."

"அந்தப் படத்தோட கனத்தைப் போன் நெட்டு தாங்காது மாமா. ஒயர்ல குத்தலாம்னா, இந்த லேப்டாப் மெலிசா இருக்கணும்னு அந்த ஓட்டையையே வைக்காம விட்டுட்டான்."

"ஏம்மா முன்னாடியே சொல்லலை?"

அவள் தரையைப் பார்த்தாள். "கிடைச்சதும் சொல்லலாம்னுதான்."

கேஷியருக்குச் சுருக்கென்றது. போன வருஷம் ஒரு நாள் அவள் வேலைப் பேச்சை எடுத்தபோது, "என்னம்மா அவசரம், வீட்டுல என்ன குறை?" என்று சாப்பிட்டுக்கொண்டே சொன்னது அவர்தான். அவரைப் பொறுத்தவரை அது ஒரு ஆறுதல் வார்த்தை. இப்போதுதான் அது அவள் காதில் எப்படி விழுந்திருக்கும் என்று தோன்றியது.

'மறந்துட்டேம்மா' என்று ஒரு வார்த்தை. நாக்கின் நுனி வரைக்கும் வந்தது. ஒரு நாளும் சாவியைத் தொலைக்காதவர் வாய் அதைச் சொல்ல மறுத்தது. பதிலுக்கு அது சொன்னது வேறு:

"விதின்னா விதிதாம்மா. நாலு மணி."

மருமகள் அவரையே பார்த்தாள். "புரியுது மாமா," என்றாள். அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். படாரென்று அறைந்திருந்தால் கூடத் தேவலை. மெதுவாகச் சாத்தினாள்.

*

கேஷியரம்மா கரண்டியோடு வந்தார். கரண்டிக்கு அங்கே வேலை ஒன்றும் இல்லை.

"ஏங்க, உங்களுக்கு மனசு இருக்கா? எத்தனை மாசமா அந்த அறையில உட்கார்ந்து வரைஞ்சு பழகிட்டிருக்கா தெரியுமா? நீங்க தட்டாமக் கொள்ளாம உள்ள போய் நிப்பீங்க. அவ திடுக்கிட்டுத் திரையை மூடிடுவா. இப்ப வாசல்லயே பூட்டு போட்டுட்டீங்க!"

"நான் வேணும்னு பண்ணலை."

"பின்ன?"

கேஷியர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு மனைவியின் காதில் சொன்னார். கேஷியரம்மா முதலில் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். பிறகு கடிகாரத்தைப் பார்த்துச் சிரிப்பை விழுங்கினார்.

"அந்தப் பெட்டி முதுகுல குண்டூசி ஓட்டை ஒண்ணு இருக்கே, அதுல குத்தினா?"

"குத்தினா எல்லாமே அழிஞ்சிடும். கம்பெனி ஆள் வந்து முதல்லேர்ந்து போடணும். நாளைக்குத்தான் வருவான்."

"அப்ப போய் அவகிட்டச் சொல்லுங்க. யானைக்கும் அடி சறுக்கும்."

"எனக்குச் சறுக்கினதில்லை."

"இப்ப மல்லாந்து கிடக்கறீங்களே, அது என்ன? அந்தப் பொண்ணு, தான் வேலைக்குப் போறது உங்களுக்குப் பிடிக்கலை, அதான் பூட்டி வைக்கறீங்கன்னு நினைச்சு உள்ள அழுதுட்டிருக்கு."

கேஷியர் வாசலுக்கு நடந்தார். சாவி தொலைந்தது அவமானம்தான். ஆனால் இந்தப் பழி அதைவிடக் கனமாக இருந்தது. செருப்பை மாட்டினார்.

"டூப்ளிகேட் இருக்கு. வாங்கிட்டு வந்துடறேன். என் கண்ணாடியை எங்க வச்சே?"

"நான் வைக்கலைங்க!"

கண்ணாடி இல்லாமலே ஓடினார்.

*

வண்டி பழகும் மைதானத்தில் கார் எல்லாமே அவருக்குக் கார் மாதிரிதான் தெரிந்தது. முதலில் பார்த்த வண்டியின் கதவைத் திறந்து, "சம்பந்தி, அவசரம்!" என்றார். உள்ளே சாப்பாட்டு டப்பாவைத் திறந்து வைத்திருந்த யாரோ ஒருவர், வாயில் கவளத்தோடு, தான் சம்பந்தி இல்லை என்று தலையாட்டினார்.

இரண்டாவது வண்டியில் சம்பந்தியம்மா இருந்தார். ஓட்டுநர் இருக்கையில், ஸ்டியரிங்கை நீரில் மூழ்குகிறவன் கட்டையைப் பிடிப்பது போல் பிடித்துக்கொண்டு பல் டாக்டர் இருந்தார். கேஷியர் குடியிருக்கும் கட்டடத்தின் கீழ்த்தளத்தில்தான் அவர் கிளினிக். ஆயிரம் வாயைத் திறக்க வைத்த மனிதர், கார் என்று வந்தால் வாய் உலர்ந்துபோகிறவர்.

"காலையிலேர்ந்து கிளினிக்ல நெட்டு இல்லை சார். ஒரு வேலையும் ஓடலை. அதான் வகுப்புக்கு வந்துட்டேன்," என்றார் டாக்டர், கேட்காமலே.

கேஷியருக்கு அதை எல்லாம் கேட்க நேரமில்லை. "சம்பந்தி, உங்க போனைக் கொஞ்சம் கொடுங்க."

"எதுக்கு?"

"அந்த டூப்ளிகேட்..."

சம்பந்தியம்மா போனைக் கைப்பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்தார். "தனியா யாரு வந்து கேட்டாலும் கூடாது. நானே வந்து கேட்டாலும் கூடாது. யாரோ சொன்ன ஞாபகம்."

"அது... ஒரு பேச்சுக்கு..."

"விதின்னா விதிதான் சம்பந்தி. என் பொண்ணும் கேக்கணும். வேணும்னா போட்டுத் தரேன்." சொன்ன கையோடு போனை எடுத்து மகளை அழைத்து, கேஷியர் கையில் கொடுத்துவிட்டார்.

மணி அடித்தது. கேஷியர் கொஞ்சம் தள்ளிப் போகலாமா என்று பார்த்தார். சம்பந்தியம்மா ஜன்னலை இன்னும் கொஞ்சம் இறக்கினார். பல் டாக்டரும் காதைத் தீட்டிக்கொண்டார்.

"சொல்லும்மா," என்றது மருமகளின் குரல். அழுது முடித்த மூக்கின் குரல்.

"நான்தாம்மா. மாமா."

கேஷியர் போனைக் காதோடு அழுத்திக்கொண்டார்.

"அந்த நாலு மணி, ஆய்வு, விதி... எல்லாம் பொய்ம்மா. என் பாதி எனக்கு மறந்துபோச்சு. சாப்பிட்டதுலேர்ந்து தேடறேன், வரலை. சொல்ல வெட்கமா இருந்தது. உன் மூணு மணி இன்டர்வியூ, நீ வேலைக்குப் போறது, எதுவுமே எனக்குப் பிடிக்காம இல்லைம்மா. சத்தியமா இல்லை. நான் உன்னைப் பூட்டி வைக்கலை. தெரியாத்தனமா சாவியைத் தொலைச்சுட்டேன். அவ்வளவுதான்."

மைதானத்தில் எங்கோ ஒரு வண்டி உறுமி அணைந்தது. கேஷியர் கண்ணை மூடிக்கொண்டார்.

"மறந்துட்டீங்களா?" மருமகளின் குரல் உடைந்தது, அழுகையா சிரிப்பா என்று தெரியவில்லை. "அவ்வளவுதானா மாமா? நான் என்னென்னவோ நினைச்சுட்டேன். சரி, கேளுங்க. அம்மாவோட போன் பழசு. நம்ம பெட்டிக்குப் பக்கத்துல வந்து சேர்ந்தாத்தான் பாஸ்வேர்டைக் காட்டும். அம்மா விரலை வச்சாத்தான் திறக்கும். அம்மாவையும் கூட்டிட்டு ஓடி வாங்க!"

சம்பந்தியம்மாவின் முகம் அதற்குள் மாறியிருந்தது. மகளுக்கு இன்டர்வியூ என்பது அவருக்கும் புதுச் செய்தி. "டாக்டர், இறங்குங்க. நான் ஓட்டறேன்."

"முடியலை மேடம்," என்றார் டாக்டர் பரிதாபமாக. "கையை எடுக்க வரலை."

"விடுங்க டாக்டர்!"

"விட்டா ஓடிடுமே!"

இழுத்துப் பார்த்தும் பயனில்லை. "அப்ப நீங்களே ஓட்டுங்க. சம்பந்தி, பின்னாடி ஏறுங்க," என்று உத்தரவிட்டார் சம்பந்தியம்மா.

அடுத்துக் கேஷியர் அனுபவித்ததை எதிரிக்கும் நினைக்கக் கூடாது. வண்டி நகர்ந்தது என்பதைவிட, தெரு பின்னால் போகலாமா என்று யோசித்தது என்று சொல்லலாம். ஒரு சைக்கிள் தாண்டிப் போயிற்று. கைவண்டி ஒன்று தாண்டிப் போயிற்று.

"அந்த முனையில வலது பக்கம்," என்றார் கேஷியர்.

"எனக்கு இடது பக்கம் மட்டும்தான் வரும் சார். வலது அடுத்த பாடம்."

"அப்ப இடது, இடது, மறுபடி இடது!" என்றார் சம்பந்தியம்மா. "வலது வந்துடும். போங்க!"

"கொஞ்சம் வேகமா... அய்யோ, அந்தக் கம்பம்... டாக்டர், டாக்டர்!"

"வாயை மூடுங்க சார்!" என்று கத்தினார் பல் டாக்டர். தொழிலுக்கு வந்த நாளிலிருந்து அவர் இந்த வாக்கியத்தைச் சொன்னது இதுதான் முதல் தடவையாக இருக்கும்.

கேஷியர் வாயை மூடிக்கொண்டார். வெண்ணெய் திரண்டு வரும்போது தாழியை உடைத்தவன் என்ற பெயர் மட்டும் தனக்கு வந்துவிடக் கூடாது என்று முன்சீட்டைப் பிடித்துக்கொண்டு வேண்டிக்கொண்டார்.

*

படியேறி மூச்சிரைக்க உள்ளே நுழைந்தபோது மூன்று அடிக்க இன்னும் கொஞ்சமே இருந்தது. மருமகள் தலை சீவி, நல்ல சட்டை மாற்றி, லேப்டாப்போடு பெட்டிக்குப் பக்கத்திலேயே நின்றாள். கண் ஓரம் மட்டும் சிவப்பு. சம்பந்தியம்மா விரலை வைத்தார். போன் பெட்டியோடு சேர்ந்தது. மருமகள் எதையோ தொட, ஒரு கறுப்பு வெள்ளைச் சதுரமும் அதன் கீழே ஒரு வரியும் வந்தன.

"அத்தை, நீங்க படிங்க. நான் அடிக்கறேன்."

கேஷியரம்மா போனைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்து, இங்கிலீஷ் எழுத்தைத் தமிழாகக் கூட்டிப் படித்தார். "என்... கண்ணாடியை... எங்க வச்சே..."

"அதைத்தானே நானும் கேக்கறேன்!" என்று வெடித்தார் கேஷியர். "இந்த நேரத்துலயா அதைத் திருப்பி என்னைக் கேப்பே?"

"நான் கேக்கலைங்க. இதுல எழுதியிருக்கு."

முதலில் சிரித்தது சம்பந்தியம்மா. பல் டாக்டர் சுவரில் சாய்ந்துகொண்டு சிரித்தார். "சார், இது எங்க கிளினிக் வரைக்கும் கேக்குமே சார்! தினமும் கேக்குமே!"

வெளியாள் யாராலும் ஊகிக்க முடியாத வாக்கியம். கட்டடத்துக்கே மனப்பாடம்.

"படிங்க அத்தை, நேரமாச்சு!" மருமகள் சிரித்துக்கொண்டே தட்டினாள்.

"மிச்சம் இருக்கு... மாமா... கதவைத்... தட்டுங்க."

இப்போது யாரும் சிரிக்கவில்லை. மருமகளின் விரல் ஒரு கணம் நின்றது. அது அவளுடைய பாதி. வாய்விட்டுச் சொல்ல முடியாததை, யாரும் பார்க்கப்போவதில்லை என்ற தைரியத்தில் அங்கே வைத்திருந்தாள். கன்னம் சிவக்க அதையும் அடித்து முடித்தாள்.

லேப்டாப் பெட்டியோடு சேர்ந்துகொண்டது. அவள் அறைக்குள் ஓடினாள். கதவு மூடியது.

பெட்டியின் மேல் ஏதோ பளபளத்தது. கேஷியர் குனிந்து பார்த்தார். காலையில் நாணயமாகக் கழற்றி வைத்த கண்ணாடி அங்கேதான் இருந்தது. எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். மாட்டிக்கொள்ளத் தோன்றவில்லை. மனசு அந்த இன்னொரு பாதியிலேயே நின்றுவிட்டது. இந்த வீட்டில் எந்தக் கதவையாவது என்றைக்காவது தட்டியிருக்கிறோமா என்று யோசித்துப் பார்த்தார். இல்லை. தன் வீட்டில் தட்டுவதற்கு என்ன இருக்கிறது என்றுதான் இதுவரை நினைத்திருந்தார்.

கூடத்தில் நாலு பேரும் மூச்சு விடாமல் உட்கார்ந்திருந்தார்கள். உள்ளே மருமகளின் குரல் முதலில் தணிந்து கேட்டது. போகப் போக நிமிர்ந்தது. "இந்தச் சுவரை எடுக்கக் கூடாதுங்க. எடுத்தா மாடிப்படிக்குத் தாங்கல் போயிடும். நீங்க சொன்னாலும் நான் எடுக்க மாட்டேன்," என்றாள் ஒரு தடவை, தெளிவாக.

கேஷியர் நிமிர்ந்து உட்கார்ந்தார். இந்தக் குரல் அவருக்குப் புதிது. 'சரி மாமா'வை மட்டுமே கேட்டுப் பழகியவருக்கு, இப்படி ஒருத்தி இத்தனை நாளாக அந்தக் கதவுக்குப் பின்னால் இருந்திருக்கிறாள் என்பது பெருமையாகவும் இருந்தது, கொஞ்சம் வருத்தமாகவும் இருந்தது.

வெகுநேரம் கழித்து நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. கேஷியர்தான் முதலில் எழுந்தார். பழக்கதோஷத்தில் கதவைத் தள்ளக் கை நீண்டது. பாதியில் நிறுத்தினார். விரலை மடக்கினார்.

டொக், டொக்.

உள்ளே நாற்காலி திரும்பியது.

"வாங்க மாமா," என்றாள் மருமகள். அந்த இரண்டு வார்த்தையில் சிரிப்பும் இருந்தது, ஈரமும் இருந்தது. "எடுத்துக்கிட்டாங்க."

கேஷியர் உள்ளே போனார். செருமிப் பார்த்தார், இந்த முறை விதி எதுவும் பிறக்கவில்லை. "இனிமே முழுச் சாவியும் உன்கிட்டயே இருக்கட்டும்மா."

"வேண்டாம் மாமா. பாதி உங்ககிட்டயே இருக்கட்டும். ஆனா வேற பாதி யோசிங்க." கொஞ்சம் நிறுத்திச் சொன்னாள்: "நானும் வேற யோசிக்கறேன். என்னோடதுக்கு இனிமே அவசியம் இல்லை."

இந்த நேரம் பார்த்து, தண்ணீர் குடிக்கலாம் என்று அடுக்களைப் பக்கம் போன பல் டாக்டர், பிரிட்ஜ் முன்னால் அசையாமல் நின்றுவிட்டார்.

"சார், இந்தப் படம் இங்க எப்படி வந்துச்சு?"

"அதான் டாக்டர் ஆதாரம்! போன வாரம் யாரோ எங்க வைஃபைக்குள்ள புகுந்து..."

"போன வாரம் கிளினிக்லேர்ந்து இதை பிரிண்ட் கொடுத்தேன் சார். வரவே இல்லை. மிஷின்ல கோளாறுன்னு விட்டுட்டேன்." டாக்டர் தலையைச் சொறிந்தார். "உங்க பெட்டியும் எங்க பெட்டியும் ஒரே கம்பெனிதானே? எங்க பெட்டி எப்பவோ செத்துப்போச்சு போல. இன்னிக்கு நீங்க எத்தனை மணிக்குப் பூட்டினீங்க?"

ஊருக்கெல்லாம் ஒரே பேர், ஒரே சாவி. கேஷியருக்கு மெல்ல விளங்கியது. திருடன் என்று ஒரு வாரமாகத் தேடிய ஆள், தன் கிளினிக் பெட்டி என்று நினைத்து மாடி வீட்டுப் பெட்டியோடு சேர்ந்திருந்தது கூடத் தெரியாத அப்பாவி.

"அது கிடக்கட்டும்," என்றார் கேஷியரம்மா. "ஒரு வாரமா என்னைப் பயமுறுத்திட்டிருக்கே, இது யாரோட பல்லு டாக்டர்?"

"அதை மட்டும் சொல்லக் கூடாதும்மா. தொழில் தர்மம்," என்றார் டாக்டர் கண்டிப்பாக. வாய் தர்மத்தைக் காப்பாற்றியது. கண்தான் காப்பாற்றவில்லை, அது மெதுவாக நகர்ந்து, வாசல் பக்கம் போய் நின்றது.

வாசலில், லாரிக்காரனையே ஓரம் கட்ட வைக்கும் சம்பந்தியம்மா, உதட்டை இறுக மூடிக்கொண்டு, கைப்பைக்குள் கார் சாவியைத் தேடிக்கொண்டிருந்தார்.

கேஷியர் சட்டைப்பையிலிருந்து கண்ணாடியை எடுத்துத் துடைத்து மாட்டிக்கொண்டார். முதலில் பிரிட்ஜைப் பார்த்தார். பிறகு சம்பந்தியம்மாவைப் பார்த்தார்.